சின்னராஜ் சொன்ன காரணம்

கொலைகாரர்களுக்கு முகம் தேடித்தான் நான் ஒகேனக்கல் போனேன். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகம். ஒருவர் கையிலும் கத்தியைக் கொடுத்து வரைய முடியவில்லை.

நான் வரைந்துகொண்டிருந்தது ஒரு கிரைம் காமிக்ஸ். ஒரே முதலாளிக்கு வேலை செய்யும் இரண்டு கூலிக் கொலைகாரர்கள், சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். கடைசியில் ஒருவன் மற்றவனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கிறான். ஏன் காட்டிக்கொடுக்கிறான் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

பரிசல் துறையில் இரண்டு முகமும் ஒரே நாளில் கிடைத்தன. கோவிந்தன் அகலமான ஆள், சிரித்தால் அக்கரைக்குக் கேட்கும். சின்னராஜ் ஒல்லி. பேசும்போது அவர் கண் நம் தோளுக்குப் பின்னால் எதையோ தேடும். இருவரும் இருபது வருடம் முன்பு ஒன்றாகத் துடுப்புப் பிடிக்கத் தொடங்கிய பரிசல்காரர்கள். ஆளுக்கொரு பரிசலைக் கவிழ்த்து முதுகில் ஏற்றிக்கொண்டு கரையோரமாக நடக்கும்போது கோவிந்தன் முன்னால் போவார், சின்னராஜ் பின்னால். தலை பரிசலுக்குள் இருப்பதால் சின்னராஜுக்குத் தெரிவது கோவிந்தனின் குதிகால்கள் மட்டும்தான். அதைப் பார்த்தே வழி நடந்து பழகியவர்.

சின்னராஜின் பரிசலில் ஏறி உட்கார்ந்து, அவர் முகத்தை வரைந்தபடியே கேட்டேன்.

"அண்ணா, கூடவே இருந்தவனை ஒருத்தன் எதுக்குக் காட்டிக்கொடுப்பான்? பணமா, பயமா?"

துடுப்பு நின்றது.

"ரெண்டும் இல்லீங்க மேடம். வர்ற ஜனமெல்லாம் அவனத்தான் பேரு சொல்லிக் கூப்புடும். இவனும் பக்கத்துலதான் நிப்பான், ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒரு நாளு ரெண்டு நாளுன்னா பரவால்லீங்க. தெனமும்னா? அப்புறம் ஒரு நாளு அவன் தப்புப் பண்றது இவன் கண்ணுல படுது. போன எடுத்துட்டான். அவ்வளவுதாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னாங்க, தூக்கமே இல்ல."

ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு கொலைகாரனுக்கு இத்தனை சின்னக் காரணமா என்று எனக்குப் புல்லரித்தது. என் அறிவை என்னவென்று சொல்ல! அவர் சொன்னது அவருடைய சொந்தக் கதை என்று அப்போது தெரியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஆற்றில் தண்ணீர் ஏறிய ஒரு நாள், பரிசல் ஓட்டக் கூடாது என்று அறிவித்திருந்தும் கோவிந்தன் ஒரு பெங்களூர்க் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். யாரோ அதிகாரிக்குப் போன் செய்துவிட்டார்கள். ஒரு வருடம் ஆற்றில் இறங்கக் கூடாது என்று அவரைத் தள்ளி வைத்தார்கள். கோவிந்தன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் சிமெண்ட் மூட்டை சுமந்தார். அந்த ஒரு வருடமும் அவர் வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தவர் சின்னராஜ். போன் செய்தவரும் சின்னராஜ்தான்.

காட்டிக்கொடுப்பவனுக்குச் சின்னராஜின் முகத்தையும் அவர் சொன்ன காரணத்தையும் வைத்தேன். புத்தகம் தயாரானபோது அவரிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு. "மேடம், அந்தப் பேச்ச மட்டும் எடுத்துட முடியுங்களா?" மறுநாள், "அந்த ஆளு மூஞ்சியயாச்சும் மாத்திடுங்க." மூன்றாம் நாள் போனில் தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும் கேட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. வரைகிறவள் நானா, இவரா?

"அச்சுக்குப் போயிடுச்சுண்ணா" என்று வைத்துவிட்டேன்.

பொய். மறுநாள்தான் போனது. அந்தப் பக்கம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது, அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கோவிந்தன் அதற்குள் நான் அனுப்பிய தன் கொலைகார முகத்தை வாட்ஸ்அப் படமாக வைத்துவிட்டார். துறை முழுக்க இதே பேச்சு. புத்தகத்தோடு நான் பஸ்ஸை விட்டு இறங்கிய காலையில், ரோசம்மாளின் மீன் கடையில் எனக்காகக் காத்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த சின்னராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடத்துப் பக்கம் போனார், தண்ணீர் குடிக்காமலே வந்தார். மீன் ஆச்சா என்று ரோசம்மாளைக் கேட்டார். மீன் அவர் தட்டில்தான் இருந்தது.

கடைசிப் பக்கம் வந்தது. தினமும் எல்லாரும் கூட்டாளியையே கூப்பிட்டதைப் படத்தில் சின்னராஜின் முகம் சொல்ல, கோவிந்தன் அதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு காரணமா காவியா பாப்பா? வாயத் தொறந்து கேட்டிருந்தா, 'இவனையும் கூப்புடுங்க'ன்னு அவனே சொல்லியிருப்பானே!" சின்னராஜின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஒன் மூஞ்சிக்கு இந்த வேசம் ஒட்டவே இல்லடா."

"நான்தான்டா மச்சான்" என்றார் சின்னராஜ்.

"என்னாது?"

"தண்ணி ஏறுன அன்னிக்கு... போன் பண்ணது."

கோவிந்தன் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு சின்னராஜை, பிறகு என்னை. எனக்கு நிமிரவே முடியவில்லை. அந்தப் பக்கத்தை நான் எடுத்திருக்கலாம், ஒரு நாள் இருந்தது. கோவிந்தன் புத்தகத்தை மூடி, அட்டையில் பட்ட எண்ணெயைத் துண்டால் துடைத்தார்.

"ரோசம்மா, கை கழுவத் தண்ணி குடு."

துறையிலிருந்து இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். அடுத்த முறை அவர்களுடையது. நானும் பின்னாலேயே போனேன். சின்னராஜ் வழக்கம்போல முதலில் கோவிந்தனின் பரிசலைத் தூக்கிவிடக் குனிந்தார். கோவிந்தன் அவர் கையை விலக்கிவிட்டு, சின்னராஜின் பரிசலைத் தூக்கி அவர் முதுகில் வைத்தார், மெதுவாகத்தான் வைத்தார். தன்னுடையதைத் தானே ஏற்றிக்கொண்டார். சின்னராஜ் உள்ளே தலையைக் குனிந்தபடி அந்தக் குதிகால்களுக்காகக் காத்து நின்றார். அவை வரவில்லை.

"முன்னாடி போ" என்றார் கோவிந்தன். "எனக்குப் பின்னாடி வராத."

சின்னராஜ் நடந்தார். இருபது வருடம் நடந்த பாதைதான், இரண்டு இடத்தில் தடுக்கி நின்றார்.