மலைக்குப் பின்னால் விரல்கள்

வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடுதாசிகளுக்கெல்லாம் ஒன்பது வயதில் நானே அதிகாரி. அம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்ற அப்பாவுக்கு நேரம் கிடையாது. நானும் வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம். 'ஆம்' என்று கண்ட கட்டங்களிலெல்லாம் புள்ளடி போட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். அப்படித்தான், வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக அருங்காட்சியகத்துக்கு வர அம்மாவுக்குச் சம்மதம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஆசிரியை நன்றி சொன்னபோதுதான் செய்த வேலை விளங்கியது. பாரிஸில்தான் பிறந்தேன் என்று வகுப்பில் அளந்து வைத்திருந்தவள் நான். உண்மையில் இலங்கையில் போர் முடிந்த பிறகு, நாலு வயதில், வன்னியிலிருந்து வந்தவள். அங்கே நடந்தது ஒன்றும் எனக்கு நினைவில்லை. ஆனால் அம்மா வாயைத் திறந்தால் என் மானம் கப்பலேறிவிடும். அங்கே ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டே தந்தார்.

அன்று விடிய எழும்பி வகுப்புப் பிள்ளைகளுக்கென்று முப்பது றோல்ஸ் பொரித்தார். தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் மெற்றோ ஏறப் போகும்போது, எங்கே பயணம் என்று கேட்ட மரக்கறிக்கடை அண்ணைக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவு தூரம் சத்தியத்தைக் காப்பாற்றினார்.

அருங்காட்சியகத்தில் பாரசீகத்துப் பழைய காவியம் ஒன்றின் ஓவிய ஏடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் என் கணக்குக் கொப்பி அளவுதான். மேலும் கீழும் பாட்டு வரிகள், நடுவில் படம். பூனை மயிரில் செய்த தூரிகையால் வரைந்தது என்று வழிகாட்டிப் பெண் சொன்னதும் வகுப்பே மியாவ் என்றது. ஒரு படத்தில், பொன் பூசிய வானத்தின் கீழ் குதிரைவீரன் ஒருவன் டிராகனை வெட்டிக்கொண்டிருந்தான். ஊதா நிற மலைக்குப் பின்னாலிருந்து மனிதத் தலைகள் மட்டும் எட்டிப் பார்த்தன. எல்லோரும் ஒரு விரலை உதட்டில் வைத்திருந்தார்கள்.

ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. என்ன கேள்வி என்று அம்மா கண்ணால் கேட்டார். நானும் சும்மா இருக்காமல் மொழிபெயர்த்தேன். அம்மா கண்ணாடிக்குக் கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தார். சத்தியத்தை மறந்துபோனார்.

"சத்தம் போடாதையுங்கோ எண்டு சொல்லினம். மலைக்குப் பின்னாலை பிள்ளையள் இருக்குதுகள். எங்களுக்குத்தான் தெரியேல்லை."

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்மா என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி ஆவலோடு கேட்டார். படம் அழகாக இருக்கிறதாம் என்றேன். என் கெட்ட காலம், அந்த ஒரு பிரெஞ்சுச் சொல் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே, பிள்ளை" என்று மறுபடி தொடங்கினார். நான் என் விரலை உதட்டில் வைத்து அவரை முறைத்தேன்.

அம்மா அப்படியே நிறுத்திவிட்டார். என் முகத்தை அல்ல, விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வியப்பைக் காட்டும் அடையாளம் என்று வழிகாட்டி விளக்கினார். எங்கள் ஆட்கள் மூக்கில் வைக்கும் விரலை அந்த ஓவியர்கள் வாயில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மா சொன்னது பிழை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. றோல்ஸில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதைப் பல வருடம் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். போன வருடம் என் பிறந்தநாளுக்கு வந்தவர்களிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். பிறகு கேக்கைத் துண்டு போட்டபடியே பக்கத்திலிருந்த சித்தியிடம் சொன்னார்:

"மண் அணைக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கேக்கை மற்றப் பிள்ளையள் குளறி அழுவினம். இவளுக்கு நான் விரலைக் காட்டினால் காணும், சத்தமே வராது. மூண்டு வயதிலை அப்பிடி ஒரு விளக்கம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. அன்று அம்மா என் முறைப்புக்குப் பயந்து அடங்கிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அந்த விரலை அவரிடமிருந்துதான் கற்றிருந்தேன் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.