தம்பி கட்டும் தவணை

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் கண்ணாடியக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டுமல்ல, அவளைவிட வயதில் மூத்த தாத்தாக்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முன்பக்கம் சிரித்துப் பேசி ஃப்ரேம் எடுத்துக் காட்டுவது மற்றவர்கள் வேலை. பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் கச்சிதமாக உட்கார வைப்பது அவள் வேலை. சுற்றும் சக்கரத்தில் சொட்டுகிற தண்ணீரிலேயே வருஷக்கணக்காக ஊறி, விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். அவள் மாட்டிக் கொடுத்த கண்ணாடி கழன்று வந்ததாக யாரும் திரும்பி வந்ததில்லை. மேலே உட்கார்ந்து உடைத்தவர்கள் வந்திருக்கிறார்கள். அது வேறு கதை.

முதலாளி தன் மகளோடு போய் இருந்துவிடுவது என்று முடிவுசெய்த மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அவளிடம் சொன்னார்:

"வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலைம்மா. கடையை நீயே எடுத்துக்கோ. பாங்க்ல கடன் கேட்டுப் பாரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஒரு வருஷம்கூடப் பொறுத்துக்கறேன்."

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். வாடகையை ஒரு நாள் தள்ளிக் கொடுத்தவள் இல்லை. கிரெடிட் கார்டு பில் வந்த கையோடு கட்டிவிடுவாள். கடன் கிடைக்காமல் எங்கே போகும் என்ற தைரியத்தோடு, இருப்பதில் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு பாங்க்குக்குப் போனாள்.

கடன் பிரிவில் இருந்த அதிகாரி சின்னப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கேக்கா."

"நான் யாருக்கும் பத்துப் பைசா பாக்கி வச்சதில்ல மேடம்."

"உங்க கார்டுல ஒரு குறையும் இல்ல. நேரத்துக்குக் கட்டியிருக்கீங்க. ஆனா ஒரு வேன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாருங்க, அதுல மூணு தவணை நிக்குது. கடன் வாங்கினவர் கட்டலைன்னா ஜாமீன் போட்டவங்க ஸ்கோரும் சேர்ந்து இறங்கும்."

இந்த இடத்தில் எல்லோரும் கோபப்படுவார்கள். அந்தப் பெண் தினம் பார்க்கிற காட்சி. ஆனால் அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"மூணுதான் நிக்குதுன்னா... அதுக்கு முன்னாடி வரைக்கும் கட்டியிருக்கானா?"

"ஆமாக்கா. தவணையை நீட்டி வாங்கிக்கிட்டு, அஞ்சு வருஷமா மாசம் தவறாம கட்டியிருக்காரு. இந்த மூணு மாசம்தான்."

"அப்போ என் தம்பி இருக்கான்" என்றாள் அக்கா. சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

அம்மா போன பிறகு அந்தத் தம்பியை வளர்த்தவள் அவள். வாலிபனானதும் சரக்கு வேன் வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவள்தான் ஜாமீன் போட்டாள். முதல் வருஷமே ஓட்டம் படுத்துவிட்டது. ஒருநாள் வசூல்காரர்கள் இரண்டு பேர் கண்ணாடிக் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் நடுவில் அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்கள். அவள் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனாலும் அவன் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் போனில், "உன் மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்" என்றான். "வந்து சாப்பிடுடா முதல்ல" என்றாள் இவள். வரவில்லை. அந்த நம்பர் அதோடு ஓய்ந்தது.

வசூல்காரர்கள் பிறகு தலைகாட்டாததால், வேனை விற்றுக் கடனை அடைத்துவிட்டான் என்றே நினைத்திருந்தாள். நடுவில் இவளும் வீடு மாறினாள், பஸ்ஸில் போனைத் தொலைத்து நம்பரும் மாறியது. துறைமுகத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கப்பலேறிப் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். சரக்கு வேன் எது எதிரே வந்தாலும் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவளை ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அந்தப் பயணமே வீண் என்று தோன்றும்.

மாசம் தவறாமல் கட்டியவன் ஏன் நிறுத்தினான்? பாங்க்கிலிருந்து நேரே வேன் கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்குப் போனாள். அங்கே மேஜையில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களைத்தான் தேடிட்டிருக்கோம். எங்ககிட்ட இருக்கறது உங்க பழைய நம்பர். உங்க தம்பி வண்டியில அடிபட்டு, கை உடைஞ்சு கிடக்காரு. அக்காகிட்ட போகாதீங்க, நானே கட்டிடறேன்னு கெஞ்சறாரு."

"எந்தக் கைங்க?"

"அதெல்லாம் எனக்கெப்படிம்மா தெரியும்?"

"அவன் இடதுகைக்காரன்" என்றாள். அதை அந்த மனிதர் தெரிந்துகொள்வது மிக அவசியம் என்பதுபோல் சொன்னாள்.

விலாசமோ நம்பரோ தர முடியாது, தம்பியின் கணக்கு இப்போது வேறு ஊர்க் கிளையில் இருக்கிறது என்றார் அவர். பரிதாபப்பட்டுத் தானே நம்பரைப் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கடைக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் எடுத்து, நின்றுபோன மூன்று தவணையையும் அங்கேயே கட்டினாள்.

"கட்டினது யாருன்னு அவனுக்குத் தெரியுமா?"

"ரசீதுல உங்க பேர் இருக்குமே."

அடுத்த மாதம் தவணை விழுந்திருந்தது. கட்டியது அவன்தான். ஸ்கோர் பார்க்கப் பாங்க்குக்கு அலைய வேண்டாம் என்று அந்தச் சின்னப் பெண் அக்காவின் போனிலேயே வழி செய்து கொடுத்தாள். சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தாள்.

"பில்லை முழுசாக் கட்டறீங்க, சரி. ஆனா மாசாமாசம் கார்டோட வரம்பு முட்டற வரைக்கும் செலவு பண்றீங்களே? அதைப் பாத்தா, இவங்களுக்குக் கையில காசே இல்லை போலன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். மூணுல ஒரு பங்குக்குள்ள நிறுத்துங்க."

"அப்போ பேசாம கார்டையே மூடிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம். பழைய கணக்கு இருக்கறது நல்லது. இத்தனை வருஷமா ஒழுங்கா இருக்காங்கன்னு அதுதான் உங்களுக்காகப் பேசும். அப்புறம், இங்க இல்லைன்னதும் அதே வாரம் இன்னும் ரெண்டு பாங்க்ல போய்க் கேட்டீங்களா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒவ்வொருத்தரும் உங்க கணக்கை எடுத்துப் பாக்கறப்போ கொஞ்சம் கொஞ்சம் இறங்கும். இனிமே நான் சொல்ற வரைக்கும் யாரையும் கேக்காதீங்க. அந்த மூணு மாச லேட்டு சில வருஷத்துக்கு அதுலயே இருக்கும். ஆனா தொடர்ந்து கட்டினா அதோட சூடு குறையும்."

அவள் சொன்னபடியெல்லாம் அக்கா நடந்தாள். ஆனால் போனைத் திறந்ததும் ஸ்கோரைப் பார்க்க மாட்டாள். கண் நேரே வேன் கடன் வரிக்குத்தான் போகும். 'கட்டப்பட்டது' என்றிருந்தால், சாப்பிட்டான், தூங்கினான், கை கூடிவிட்டது, வண்டி ஓடுகிறது என்று அவளாகவே நீட்டி வாசித்துக்கொள்வாள். சக்கரத்தை நிறுத்திவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிக்கிறவளைக் கண்டு கடையில் கிண்டல் செய்தார்கள். "அக்காவுக்கு யாரோ மெசேஜ் அனுப்பறாங்க" என்பார்கள். "ஆமாடி, அனுப்பறான்" என்பாள்.

வருஷம் முடிவதற்குள் அவளுக்குக் கடை கைக்கு வந்தது. ஸ்கோர் தேறி, பாங்க் கடன் கொடுத்து, முதலாளி சாவியை அவள் கையில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அதற்கடுத்த மாதம் சின்னப் பெண் போன் செய்தாள். குரலில் அப்படியொரு உற்சாகம்.

"அக்கா, வேன் கடனை உங்க தம்பி முழுசா முடிச்சிட்டாரு! உங்க ஜாமீனும் தீர்ந்துச்சு. இனிமே அந்தப் பயமே வேண்டாம்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, வேன் கடன் வரியைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"நல்ல விஷயம்தான் மேடம். மாசாமாசம் அவன் நல்லா இருக்கேன்னு வந்து சொல்லிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. இனிமே எதைப் பாத்து நான் தெரிஞ்சுக்கறது?"

அந்தப் பெண் சொன்னாள்: "நிதி நிறுவனத்துல இருக்கற வண்டிப் பேப்பரை வாங்க அவர் நேர்லதான் வந்தாகணும்க்கா."

கடைக்கு ஒரு பெண்ணைக் காவல் வைத்துவிட்டு, அக்கா மறுபடியும் நிதி நிறுவனத்துக்கு ஓடினாள். கடைக்குப் புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டை வழுக்கைத் தலைக்காரரிடம் நீட்டினாள். அவர் அதைத் தம்பியின் கணக்கு இருந்த ஊர்க் கிளைக்கு அனுப்பி வைத்தார். சில நாள் கழித்து, வரவேண்டிய அவசியமே இல்லாமல், கடைக்குத் தானே வந்தார். வாசிக்கிற கண்ணாடி ஒன்று வேண்டும் என்றார்.

"உங்க தம்பி வந்து பேப்பரை வாங்கிட்டுப் போயிட்டாராம். உங்க கார்டைக் கொடுத்தாங்களாம், சட்டைப்பையில வச்சுக்கிட்டாராம். அக்கா ஸ்கோர் சரியாயிடுச்சான்னு கேட்டாராம்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலையாம்."

அவருக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கடை போன் அடித்தது. எடுத்து, "கண்ணாடிக் கடை" என்றாள். அந்தப் பக்கம் வண்டிகள் போகிற இரைச்சல். வைக்கப் போன நேரத்தில் குரல் வந்தது. கனத்துப்போயிருந்தது, ஆனாலும் அவனுடையதுதான்.

"ஞாயித்துக்கிழமை கடை உண்டா?"

எத்தனையோ கேட்கலாம், எத்தனையோ சொல்லலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வைத்துவிடுவானோ என்று பயந்தாள்.

"உண்டு" என்றாள். "நாள் பூரா திறந்திருக்கும்."

"சரி" என்று வைத்துவிட்டான்.

அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிற வழக்கமே இல்லை. கடையில் வேலை செய்யும் பெண்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் வரவேண்டாம், நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டாள். இப்போது ஞாயிறுகளில் அவள் தடுப்புக்குப் பின்னால் உட்காருவதில்லை. முன்பக்கம், தெரு தெரிகிற இடத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறாள். வாரநாளில் வர முடியாதவர்கள் தேடி வருவதால் வியாபாரம் பரவாயில்லை. தம்பி இன்னும் வரவில்லை.