புழு கொழுத்த மண்

காலை பதினொன்று பத்துக்குக் கைப்பேசி அடித்தது. பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்து மண்புழுக்களை ஆராய்ச்சிக்கென்று பாட்டிலில் எடுத்துப்போன கல்லூரிப் பெண்தான் பேசினாள்.

"அக்கா, அந்தப் பாத்தியில உங்க கோழிங்க மேயுதா?"

மேயும் என்றேன். முட்டையை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாள்.

எங்கள் ஏரியில் கடல்நீர் கலக்கும், கரை மண் உப்பு மணல். கீரை முளைத்த வேகத்தில் கருகிவிடும். புழு கிடையாது, தூண்டில் இரைக்கு என் கணவர் காட்டூர் வயல்வரை போய்த் தோண்டிவருவார். போன வருடம் ஒரு லாரி டிரைவர், நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் இடத்திலிருந்து காய்ந்த கசடை உரமென்று சும்மாவே கொட்டிவிட்டுப் போனார். இரண்டு மழையில் நாற்றம் போனது. கீரை இடுப்பளவு வந்தது. மீந்த இரையை என் கணவர் அங்கே உதற, புழுவும் பெருகியது. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருக்கும்.

புழு இருந்தால் மண் நல்ல மண். படம் காட்டிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். தினமும் குனிந்து கிளறிப் பார்ப்பேன். "இன்னா டீச்சரு, எல்லாத்துக்கும் பேர் வெச்சிட்டியா?" என்று அவர் கிண்டல் செய்வார்.

அந்தக் கோழிகளின் முட்டையைத்தான், பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு இரண்டு மாதமாகக் கொடுத்துவந்தேன். குமட்டுகிறது என்று அவள் தள்ளிய நாட்களில் வயிற்றுப் பிள்ளையைச் சொல்லி ஊட்டிவிட்டேன்.

கல்லூரிப் பெண் பொறுமையாக விளக்கினாள். பட்டறைகளின் கழிவும் வீட்டுச் சாக்கடையோடுதான் கலந்து வருகிறது. கசடில் ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றன. புழு அதைத் தின்று சாவதில்லை, உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. கோழி புழுவையும் தின்கிறது, மண்ணையும் தின்கிறது. ஈயம் முட்டைக்கும் போகலாம்.

வீட்டுக்கு ஓடினேன். மகள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து பிடுங்கினேன். அழுகல் என்று பொய் சொன்னேன். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் பொன்னேரி போகும் பேருந்தில்தான் உண்மையைச் சொன்னேன். அவள், "பாப்பாவுக்குமாம்மா?" என்றாள்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது. அதிகமில்லை, முட்டையை நிறுத்துங்கள், பிறந்ததும் குழந்தைக்கும் பார்ப்போம் என்றார் டாக்டர். 'அதிகமில்லை' என்பதை எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்.

பேத்தி நல்ல எடையோடு பிறந்தாள். அவளுக்கும் கொஞ்சம் இருந்தது. வளர வளரக் கவனிக்க வேண்டுமாம். குப்புற விழுந்தாளா, சத்தத்துக்குத் திரும்புகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். திரும்பினால் மறுபடி கை தட்டிப் பார்க்கிறேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

பாத்திக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டோம். அந்த மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஏரியிலா? மழை பெய்தால் புழுக்கள் தார்ப்பாய் ஓரத்தில் வெளியே வருகின்றன, அதே கொழுப்போடு. பழைய வலைக்குள் அடைத்த கோழிகள் கண்ணிக்குள் தலையை நுழைத்து நீட்டுகின்றன.

மண்ணை வந்து பார்க்கச் சொல்லி வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். போன வாரம் வாசலில் வண்டிச் சத்தம். அதிகாரி என்று நினைத்துப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். லாரி டிரைவர். இன்னொரு லோடு இறக்கவா என்று சிரித்தபடி கேட்டார். திட்ட வாயெடுத்தேன். ஒன்றும் அறியாத அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் இன்ஜினை நிறுத்தினார். பேத்தியையே பார்த்தார்.

"எங்க வூட்டாண்டயும் இதத்தான் கொட்டிக்கீறேன்க்கா," என்றார். "நாங்களும் கோழி வெச்சிக்கினுகீறோம். காலைல கூட பொண்ணுக்கு முட்டை அவிச்சுக் குட்த்துட்டுதான் வண்டி எடுத்தேன்."