கொடுத்தது அவர் கணக்கு, வாங்கியது என் கணக்கு

பாக்சிங் நடக்கிற ஹாலுக்குள் நுழைந்ததும் ரப்பர் பாய் வாசமும் வியர்வை வாசமும் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எங்க வீட்டுக்காரர் சட்டையில் இருந்து மட்டும் எலுமிச்சை வாசம் வரும்...

அவருக்குப் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சங்காய் எண்ணுகிற வேலை. சங்கரன்கோவிலில் இருந்து விடியக்காலை பஸ்ஸில் போய்விடுவார். எத்தனை துவைத்தாலும் சட்டையில் அந்த வாசம் போகாது.

அன்றைக்குத் திருநெல்வேலியில் எங்கள் மகள் கோமதிக்குப் பாக்சிங் போட்டி. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

பெல் அடித்ததும் இவர் எண்ண ஆரம்பித்துவிட்டார். மார்க்கெட்டில் முதல் காயை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் சொல்வார்கள். கோமதியின் முதல் குத்துக்கும் அதையேதான் சொன்னார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் கண்டுகொள்ளவில்லை.

காய் எண்ணுகிறவர்களுக்கு வாய் ஒரு வேகம் பிடித்துவிட்டால் நிற்காது. கோமதி எதிராளிப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்... இவர் வாய் அது பாட்டுக்கு "பதினெட்டு, பத்தொம்பது" என்று போகிறது!

நிறுத்தச் சொல்ல எனக்கு நேரமில்லை. எதிரே நின்ற பிள்ளையின் கை எப்போது வரும், எங்கே விழும்... என் கண் அதைவிட்டு நகரவே இல்லை.

கடைசியில் நடுவர் அந்தப் பிள்ளையின் கையைத் தூக்கினார்.

இவர் எழுந்துவிட்டார். "நாப்பதுக்கு மேல குத்திருக்கா எம்பிள்ள! எப்படி வே தோப்பா?"

பின்னால் இருந்து ஒரு குரல். அந்தப் பிள்ளையின் தாய்மாமா. பஸ் கண்டக்டர், டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

"எங்க பிள்ள அம்பது தாண்டியாச்சு அண்ணாச்சி. நானும்தான் எண்ணுனேன். தெனமும் பஸ்ல ஆள எண்ணுதவன், எனக்குத் தப்புமா?"

"ஆளு உக்காந்த இடத்துல இருக்கும் வே. காயி உருளும். உருளுறத எண்ணுதவன் நான்!"

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கோமதியின் மாஸ்டர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, கையில தடுத்ததுல்லாம் கணக்குல வராது."

"அழுகலக் கழிச்சுட்டுத்தான் மாஸ்டர் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு நடுவர்கள் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அங்கே போய் இவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிட்டால், அடுத்த வருஷம் பிள்ளையின் பேரைச் சேர்ப்பார்களா?

கோமதி குறுக்கே வந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. கை உறையைக்கூடக் கழற்றவில்லை.

"எப்பா, நீ மேசைக்குப் போனேன்னா நான் இனி கிளவ்ஸத் தொட மாட்டேன்."

"நீ ஜெயிச்சிருக்கட்டி. நான் எண்ணிருக்கேன்லா."

"சரி... எனக்கு எத்தன விழுந்துச்சு? அதையும் சொல்லு."

இவர் கோமதியின் உதட்டைப் பார்த்தார். "அத எதுக்குட்டி எண்ணணும்..." என்று முனகினார்.

"அத நான் எண்ணிருக்கேன்" என்றேன்.

எத்தனை என்று கேட்டார். சொன்னேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே அந்தக் கண்டக்டரைப் பார்த்து, "உம்ம பிள்ள எத்தன வாங்குச்சு வே?" என்றார். அவரும் எண்ணவில்லை. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் அந்தக் கண்டக்டரேதான் எங்கள் எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

அன்றையில் இருந்து அதுவே எங்கள் வழக்கம் ஆகிவிட்டது. கோமதி கொடுத்ததை அவர் எண்ணுவார். வாங்கியதை நான் எண்ணுவேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். சில தடவை நடுவர் சொன்னதோடு ஒத்து வரும். பல தடவை வராது. நெற்றியில் லேசாகத் தொட்டுப் போனதும் ஒன்று, முழங்காலை ஆட்டி வைத்த குத்தும் ஒன்று என்றால் கணக்கு எப்படிச் சேரும்?

இப்போது கோமதிக்கு விளையாட்டை வைத்தே சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. லீவுக்கு வந்திருந்தபோது செல்போனில் ஒரு வெளிநாட்டுச் சண்டையைக் காட்டினாள். யாருக்கு எத்தனை குத்து என்று கீழே நம்பர் ஓடியது. மிஷினே எண்ணிவிடுமா என்று கேட்டேன்.

"மிஷினு எங்கம்மா எண்ணுது! ரெண்டு ஆளு உக்காந்து பட்டனத் தட்டுதாங்க. ஒருத்தரு ஒரு ஆளு குத்துறத மட்டும் பாப்பாரு, இன்னொருத்தரு மத்த ஆளுக்கு. கண்ணசந்தா அவங்களுக்கும் தப்பும். அத வச்சு யாரு ஜெயிச்சான்னு தீர்ப்பு சொல்ல முடியாது."

"அப்போ நானும் உங்க அப்பாவும் செஞ்சதுதான்" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

போன ஐப்பசி மழையில் எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே...

போன வாரம் கோமதிக்குப் பெரிய போட்டி. செல்லில் நேரடியாகக் காட்டினார்கள். தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அவள் மேல் விழுந்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. தாடையில் ஒன்று, விலாவில் ஒன்று... பிள்ளை தோற்றுவிட்டாள் என்றே நினைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நடுவர் கோமதியின் கையைத் தூக்குகிறார்!

எதற்குத் தூக்குகிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் பிள்ளை அத்தனை கொடுத்திருக்கிறாள். அதை எண்ணிச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.