மாமி ஆக்கிய பூசணிக்காய்க் கறி

சாய்ந்தமருதில் ஹவ்வா உம்மா ஆக்கிய மாட்டிறைச்சிக் கறியைக் குறை சொன்னவர் யாருமில்லை. கல்யாண வீடோ கந்தூரியோ, பெரிய சட்டிக்குப் பக்கத்தில் அவள்தான் நிற்பாள். மரக்கறி என்பது காய்ச்சல்காரனும் வக்கற்றவனும் தின்கிற சாமான் என்பது அவளுடைய எண்ணம். அப்படிப்பட்டவள் தலையில்தான், ஐம்பத்தி நாலாம் ஆண்டு, மர்சூக் வந்து விடிந்தான்.

பொத்துவில் மாப்பிள்ளை. இந்தப் பக்கத்து வழக்கப்படி மகள் றாஹிலாவைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கே குடிவந்தான். முதல் விருந்திலேயே இறைச்சியை நகர்த்தி வைத்தான். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், எருமைத் தயிரும் வேண்டாம். தேங்காய்ச் சம்பலைக்கூடக் கிளறிப் பார்த்து ஒதுக்கினான். அதில் மாசிக் கருவாட்டுத் தூள் கிடந்ததாம். மாசி எந்தக் காலத்தில் மீனானது? உப்பு, மிளகாய் மாதிரிச் சம்பலுக்குப் போடுகிற ஒன்று என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

காரணம் கேட்டாள். வாப்பாவின் மாட்டுப் பட்டியில் வளர்ந்தவனாம். கன்றை இழுத்துக் கட்டிவிட்டுப் பால் கறந்தது போதுமாம்.

"ஹறாம் எண்டு நான் சொல்லல்ல மாமி. திங்கிறவங்க திங்கட்டும். எனக்கு இறங்குதில்ல, அவ்வளவுதான்."

அதில் ஒரு சொல்லையும் அவள் நம்பவில்லை. கட்டுமஸ்தான ஆண்பிள்ளை இறைச்சியைக் கண்டு முகம் சுளிப்பானா? மாமிமார் சோற்றில் வசிய மருந்து வைத்து மருமகனை வீட்டோடு கட்டிப்போடுவார்கள் என்று பொத்துவிலில் எவளோ ஓதிவிட்டிருக்கிறாள். இறைச்சிக் குழம்பில்தானே எதுவும் மறையும்? இன்றைக்குச் சோற்றைச் சந்தேகப்படுகிறவன் நாளைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மகளின் வாழ்வு என்னாவது? அவன் பால் விடாத பிளேன்டீயை உற்றுப் பார்த்தாலும் அவள் கண் அவனுடைய பெட்டிப் பக்கம் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சோதித்தே பார்ப்பது என்று முடிவெடுத்தாள். மாசியை மாவாக இடித்து அவனுடைய பூசணிக்காய்க் கறியில் கலந்தாள். உண்மையிலேயே ஆகாதவன் என்றால் கண்டுபிடிப்பான். தின்றுவிட்டால் இவ்வளவு நாளும் நடிப்பு.

ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தான் மர்சூக். முதல் பிடியில் கை நின்றது. மாமியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று எழும்பினான். கள்ளன் அகப்பட்டான் என்று அவள் மனசு துள்ளியதெல்லாம் கிணற்றடிக்குப் போகும் வரைக்கும்தான். அங்கே அவன் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர்ச் செம்போடு ஓடினாள். "மணத்திலயே தெரிஞ்சிருக்குமே மகன், ஏன் திண்டீங்க?"

அவன் வாயைக் கொப்பளித்தான். "இந்த வீட்டுச் சோத்தில எதையும் கலப்பாங்க எண்டு எங்கட ஊரில சொன்னவங்கதான். நான் நம்பல்ல மாமி. இண்டைக்கும் என்ட நாக்குத்தான் பிழை எண்டு நினைச்சித் திண்டன்."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஊர் சும்மா சொன்னதைத் தன் கையாலேயே உண்மையாக்கிவிட்டாள்.

மர்சூக் பெட்டியைத் தூக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பாவாகி அந்த வீட்டிலேயே இருந்தான். அவனுக்கென்று தனிச் சட்டி வாங்கினாள் ஹவ்வா உம்மா. தினமும் அவன் கண் முன்னாலேயே அதிலிருந்து ஒரு பிடி எடுத்து முதலில் தானே தின்று காட்டுவாள். ஓம் மாமி, நம்புறன் என்று சிரிப்பான் அவன். சிரித்துவிட்டு, முதல் பிடியை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில், மூக்குக்குக் கீழே ஒரு கணம் நிறுத்துவான்.