குடியாதவரின் ஈரல்

தொண்ணூறுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் என்ற ஒன்றே இல்லாமற்போன காலத்தில், நான் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். அந்தக் காலம் என்றால் மற்றவர்களுக்கு ஷெல்லும் பங்கரும் ஞாபகம் வரும். எனக்கு ஒரு டொக்டரின் கையெழுத்துத்தான் வரும். இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது.

என் அண்ணை மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தவர். கள்ளுப் போத்தலோடு ஒருவன் ஒழுங்கையால் வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மற்ற ஒழுங்கையால் போகிற மனுசன். அவருக்கு ஒருநாள் கண் மஞ்சளித்தது. செங்கமாரி என்று சொல்லி அவர் மனைவி, என் மச்சாள், கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். ஒரு மாதமாகியும் மஞ்சள் போகவில்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே கல்லுப்போல ஏதோ தட்டுப்பட்டது. நான்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனுசன்.

"எவ்வளவு காலமாக் குடிக்கிறீர்?" என்று கேட்டார். குடிக்கிறீரா என்றல்ல, எவ்வளவு காலமாக என்று.

"நான் குடிக்கிறேல்லை ஐயா."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை."

குடியால் கெட்ட ஈரல் என்று அட்டையில் எழுதினார். அவ்வளவுதான். தோட்டக்காரன், வெயிலில் கறுத்த உடம்பு, மஞ்சள் கண். வேறென்ன, கள்ளுத் தவறணைதானே! அந்தக் கதிரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வாத்தியார் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திராது. எழுதினது ஊருக்குள் போக இரண்டு நாள் எடுக்கவில்லை. அண்ணை சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. அண்ணையின் இரத்தத்தை எடுத்து, கையால் சுற்றுகிற இயந்திரத்தில் வைத்துச் சுற்றி, தெளிந்த நீரைப் பிரித்தேன். ஜெனரேற்றர் ஓடுகிற ஒரு கூல்பாரில் கெஞ்சி ஐஸ் வாங்கினேன். சுடுதண்ணிப் பிளாஸ்கில் ஐஸைப் போட்டு, அதற்குள் அந்தச் சின்னக் குப்பியை வைத்து, கொழும்புக்குப் போன ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டேன். மூன்று கிழமையில் முடிவு வந்தது. வயிற்றில் இருக்கிற சிசுவின் ஈரல் சுரக்கிற ஒரு புரதம் இருக்கிறது. பிறந்த பிறகு அது இரத்தத்தில் இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைந்துவிடும். ஈரலில் புற்று வந்தால் திரும்பத் தலைகாட்டும். அண்ணையின் இரத்தத்தில் அது கூடியிருந்தது.

கடிதத்தை டொக்டரிடம் நீட்டினேன்.

"குடிச்சு வீங்கின ஈரலுக்கும் உது கூடும். உமக்குத் தெரியாதோ?"

தெரியும். எனக்கு வந்த ஆத்திரமே அதுதான், அவர் சொன்னது பொய்யில்லை. அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் அந்தப் புரதத்தில் சீனிச் சங்கிலி ஒன்று தொங்குகிறது. தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியல்ல, அதன் இனத்துச் சின்னச் சின்னத் துணுக்குகள். புற்றுப் பிடித்த ஈரல் அந்தச் சங்கிலியில் ஒரு துணுக்கைக் கூடுதலாகக் கொழுவிவிடும். மைசூர்ப் பருப்பில் இருக்கிற ஒரு பொருள் அந்தத் துணுக்குள்ள புரதத்தை இறுக்கிப் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் இதை நான் எழுத்துக்கெழுத்து படித்திருந்தேன். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துச் சோதிக்கிற வசதிதான் எங்கள் கூடத்தில் இல்லை. அடுப்பில் பருப்பு அவிகிறது, அண்ணையின் ஈரலில் இருப்பது என்னவென்று சொல்ல வழியில்லை. இந்த நாசமறுந்த காலத்தை என்னவென்று சொல்ல!

"அப்ப கொழும்புக்கு ஒரு கடிதம் தாங்கோ டொக்டர். அங்கை ஸ்கான் பண்ணிப் பாக்கட்டும்."

"குடிகாரருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் உண்மையான வருத்தக்காரர் எங்கை போறது? கோயில்லை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், இனிக் குடிக்கிறேல்லையெண்டு. பிறகு வாரும்."

படித்த மனுசன், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறது, கேட்கிறது கற்பூரம்.

அண்ணை மறுத்துவிட்டார். "செய்யாத பிழைக்கு எந்தச் சாமியிட்டைப் போய் நான் மன்னிப்புக் கேக்கிறது?" என்றார். இரண்டு மாதம் அப்படியே போனது. வயிறு ஊதியது, கை கால் ஈர்க்காகிவிட்டது. மச்சாள் என் காலில் விழாத குறை. கடைசியில் நானே போய் அவருக்கு முன்னால் இருந்தேன்.

"உங்களுக்கு உயிர் பெரிசோ, ரோசம் பெரிசோ அண்ணை? ஒருக்காச் சொல்லிப்போட்டு வாங்கோ. கடிதம் கிடைக்கும்."

"நீயும் நம்பிறியோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். நம்பாமலே அவரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். டொக்டரை ஏசுகிற வாயால் என்னையும் ஏச வேண்டும். ஐயர் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார். எங்கள் பக்கத்தில் கற்பூரத்தை அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மறுபேச்சில்லை. "இனிக் குடிக்கமாட்டன்" என்று சொல்லி அண்ணை உள்ளங்கையால் நெருப்பை அமுக்கினார். வாழ்க்கையில் முதற்தரம் அவர் பொய் சொல்லிக் கேட்டேன், அதுவும் சாமிக்கு முன்னால்.

கடிதம் கிடைத்தது. கிளாலிக் கடலைத் தாண்டி, வவுனியாச் சோதனைச்சாவடியில் காத்துக் கிடந்து, நாலாம் நாள் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். அங்கத்தைய டொக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கிலிசில் கேட்டார். எவ்வளவு காலம் குடித்தார் என்று. நான் அவர் குடித்ததேயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணைக்குக் கேள்வி விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்தார்.

"இருவது வருசமெண்டு சொல்லு. இல்லையெண்டால் இவங்களும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார். பின்னேரம் ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். புற்றுநோய், ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இரண்டு மூன்று மாதத்துக்கு முன் வந்திருந்தால் வெட்டிப் பார்த்திருக்கலாம். குடியையாவது நேரத்தோடு விட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?" என்று அண்ணை கேட்டார்.

முன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடியை நேரத்தோடு விட்டிருக்க வேணுமாம் என்று மட்டும் சொன்னேன். அண்ணை டொக்டரைப் பார்த்துக் கைகூப்பி, "ஓம் ஐயா, பிழைதான்" என்றார்.