சந்தனம் பூசின சுவிட்ச்

எங்க மேனேஜருக்குக் கம்ப்யூட்டர்னா ஒண்ணே ஒண்ணுதான் தெரியும்: ஆஃப் பண்ணி ஆன் பண்றது. அதுலயும் பாதி நேரம் மானிட்டரைத்தான் அணைப்பாரு. விருத்தாசலத்துல பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடுற அந்தக் கம்பெனியில நெட்வொர்க் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். மத்ததெல்லாம் தலையாட்டுற கூட்டம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

சூளைக் கொட்டகை சர்வர்ல ஒரு விர்ச்சுவல் மெஷின் இருக்குது, கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி. அது சூட்டை அளந்து ஆஃபீஸ் சர்வர்ல இருக்கிற இன்னொரு விர்ச்சுவல் மெஷினுக்கு அனுப்பும். சூளை பார்க்கிற அக்கா அதைத்தான் ஸ்கிரீன்ல பார்ப்பாங்க. ஆயுத பூஜைக்கு மறுநாள் சூளையைப் பத்த வெச்சா, ஸ்கிரீன்ல எண்ணு நகரவே இல்ல. அக்கா மேனேஜருக்குப் போன் பண்ணினாங்க. "வரும்மா, வெயிட் பண்ணு"ன்னாரு அந்த மகான். சூடு எகிறினது தெரியாம, சாயங்காலத்துக்குள்ள மொத்தக் கட்டையும் வளைஞ்சு போச்சு.

உடனே பழி அக்கா மேல. "நீதான் எதையோ அமுக்கிட்ட, நாளையிலேர்ந்து வராதே"ன்னுட்டாரு. அக்கா கம்மாபுரத்துல இருந்த நெலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் குடுத்துட்டு, இந்தச் சம்பளத்துலதான் ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வெக்கிறாங்க. சே, மனுசனா இவரு!

நான் ஒக்காந்தேன். ஒரு மெஷின்லேர்ந்து இன்னொண்ணுக்கு, 'இருக்கியா?'ன்னு கேக்குற பிங் போட்டேன், பதில் இல்ல. நடுவுல காவல் நிக்கிற ஃபயர்வாலை எடுத்துட்டுப் பார்த்தேன், அப்பவும் இல்ல. ஒரே ஒயர்ல போற தனித்தனிப் பாதைதான் விலான். ரெண்டு மெஷினுக்கும் ஒரே விலான் எண்ணுதான் குடுத்திருந்தேன், இருபது. அதுவும் சரியா இருந்துச்சு. "வைரஸா இருக்குமோ?"ன்னாரு மேனேஜர். "டெங்குங்க"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

மிச்சம், எல்லா சர்வர் ஒயரும் வந்து சேர்ற நெட்வொர்க் சுவிட்ச்சுதான். இருபதாம் பாதையை ஆஃபீஸ் சர்வருக்காக ஏழாவது போர்ட்டுல மட்டுந்தான் திறந்து வெச்சிருந்தேன். போயிப் பார்த்தா, சுவிட்ச் மூஞ்சி பூரா சந்தனமும் குங்குமமும். எண்ணு ஒண்ணும் தெரியல. கட்டைவிரலால தேய்ச்சேன். ஆஃபீஸ் சர்வர் ஒயரு எட்டாவது ஓட்டையில இருந்துச்சு. ஏழுல மாத்திச் சொருகினதும் பிங் பதில் சொல்லிடுச்சு.

பூஜைக்கு முன்னால "எவனும் கை வெக்கக் கூடாது"ன்னு எல்லாரையும் வெரட்டிட்டு, ஒயரையெல்லாம் உருவித் தொடைச்சு, பொட்டு வெச்சு, திரும்பச் சொருகினவன் நான்தான்.

"பூஜைக்குத் தொடைக்கும்போது யாரோ ஒயரை மாத்திச் சொருகிட்டாங்க சார்"னேன்.

"யாருய்யா?"

"கவனிக்கலைங்க."

அக்கா சாப்பாட்டுப் பையோட கெளம்பி வாசல்ல நின்னாங்க.

"என்னா சார் கவனிக்கல? சந்தனக் கிண்ணத்தைப் புடிச்சிக்கிட்டு உங்க பக்கத்துல நின்னது நான்தானே? நீங்க மட்டுந்தானே தொட்டீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தாரு. நான் அவரைப் பார்க்கிற அதே பார்வை.

"ஆமாங்க. நான்தான்"னேன்.

அக்கா பையைக் கீழ வெச்சாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம, சூடு எவ்வளவு இருக்குதுன்னு பார்க்க சூளைப் பக்கம் போயிட்டாங்க.